வேறு மருந்து ஏதாவது?

எலாதியாவின் இடது கை இன்னும் உலக்கைக்குப் பழகவில்லை. முப்பத்தோரு வருஷம் வலது கையால் இடித்தவள். மார்பையும் அக்குளில் இருந்த கட்டிகளையும் எடுத்த பிறகு, வலது கையில் பாரம் ஏற்றக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதனால் இப்போது இடது கை குத்தும், வலது கை இலையை உரலுக்குள் தள்ளும். குத்து கோணலாக விழும். புதினா தெறித்து மேசைக்கு வெளியே போகும்.

"என்ன ஞா எலாதியா, இன்னைக்கு உரல் நொண்டுது?" என்றான் ஜாடியோடு நின்ற டாக்சிக்காரன். அந்த ஊரில் மூத்த பெண்களை மரியாதையாக 'ஞா' என்பார்கள்.

"உரல் ஒண்ணும் நொண்டல. நீ ஜாடியை நேரா பிடி."

பாராகுவாரி சந்தையின் கிழக்கு வாசலில் அவளுடைய மேசை. தெரெரே என்ற குளிர்ந்த மாத்தே பானம் குடிக்கும் ஊரில் மூலிகைக்காரிக்குக் காலையில் மூச்சு விட நேரம் இருக்காது. ஆளாளுக்கு ஐஸ் போட்ட ஜாடியோடு வருவார்கள். வயிற்றுக்கு ஒன்று, நீர்க்கடுப்புக்கு ஒன்று, கெட்ட கனவுக்கு ஒன்று. இடித்த இலையை ஜாடியில் போட்டுக் கொடுத்தால், நாள் முழுக்க அந்தத் தண்ணீரை கோப்பையில் உள்ள மாத்தே இலையில் ஊற்றிக் குழலால் உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள். இந்த மேசையை வைத்துத்தான் எலாதியா இரண்டு பையன்களை வளர்த்தாள். இருவரும் இப்போது புவெனோஸ் ஐரெஸில் கட்டட வேலை. சிமெண்ட் மூட்டை தூக்க அவர்களுக்கு முன்பே அங்கே போன புருஷன், தன் மூட்டையை வேறொருத்தி வீட்டில் இறக்கி வைத்துவிட்டான். அதைப் பற்றி எலாதியா பேசுவதில்லை. பேச நேரமும் இருந்ததில்லை.

டாக்சிக்காரன் நகர்ந்ததும் கைப்பேசி அடித்தது. நிமியா.

நிமியா காராபெகுவாவில் பள்ளிக்கூட ஆசிரியை. முப்பத்தாறு வயது. அவளுக்கும் மார்பில்தான். கீமோ ஏற்றும் நாளில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பழகியவர்கள்.

"ஞா எலாதியா, ரத்தப் பரிசோதனையில மறுபடியும் என் கல்லீரல் கணக்கு ஏறிடுச்சாம். போன தடவைக்கு ரெண்டு மடங்கு. கீமோவை மறுபடி தள்ளி வெச்சுட்டாங்க."

"டாக்டரம்மா என்ன சொல்றாங்க?"

"மருந்து எனக்கு ஒத்துக்கலையாம். வெள்ளிக்கிழமை எல்லா டாக்டரும் உக்காந்து பேசி மாத்தப் போறாங்க. மாத்துற மருந்து இப்ப அவங்க கையில இல்ல. வரும்போதுதான் வருமாம்."

"கட்டி எப்படி இருக்கு?"

"அதுதான் கொடுமை. பாதியா சுருங்கியிருக்கு. இந்த மருந்துலதான் சுருங்கியிருக்கு." நிமியா மூக்கை உறிஞ்சினாள். "சரி, அழுது என்ன ஆகப்போகுது. அந்தக் கசப்பு வேர் தீர்ந்துபோச்சு. வெள்ளிக்கிழமை பஸ்ல கொஞ்சம் கூடவே போட்டு அனுப்புங்க. கல்லீரலைக் கழுவணும்ல?"

எலாதியாவின் உலக்கை அந்தரத்தில் நின்றது.

மலைப்பக்கத்துக் கசப்பு வேர். கல்லீரலைச் சுத்தம் செய்யும் என்று அவளே சொல்லி, அவளே இடித்து, வாராவாரம் அவளே அனுப்பியது. இரண்டாவது கீமோவுக்கு அப்புறம், அதையே குடித்துவந்த எலாதியாவுக்கும் இதே கணக்கு ஏறியது. ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள். அதற்குள் வாயெல்லாம் புண். கசப்பு பட்டாலே உயிர் போனது. வேரை விட்டுவிட்டு சோடா உப்புத் தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டு கிடந்தாள். அடுத்த பரிசோதனையில் கணக்கு தானாக இறங்கியிருந்தது. நர்ஸ் தட்டிக்கொடுத்தாள். எலாதியா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். வேரை நினைக்கவே இல்லை.

"நிமியா, அந்த வேரைக் குடிக்காதே."

"ஏன்?"

"எனக்கும் ஏறிச்சில்ல? நான் வேரை நிறுத்தின பிறகுதான் இறங்கிச்சு. இப்பதான் எனக்கே உறைக்குது."

மறுமுனையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்துவது மட்டும் கேட்டது.

"டாக்டரம்மாகிட்ட சொல்லு" என்றாள் எலாதியா. "இன்னைக்கே சொல்லு. மருந்தை மாத்துறதுக்கு முன்னாடி."

"ஐயோ, மாட்டேன். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிப் படிவத்துல 'வேறு மருந்து ஏதாவது?'ன்னு கேட்ட இடத்துல 'இல்லை'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். நான் டீச்சர். பொய் சொன்னேன்னு தெரிஞ்சா என்னை மருந்து வரிசையில கடைசிக்குத் தள்ளிடுவாங்க. நீங்களும் சொல்லக்கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணுங்க."

"மாதாவை ஏன் இதுல இழுக்கிற?"

"சத்தியம் பண்ணுங்க ஞா எலாதியா."

"எனக்கு ஆள் வந்துட்டாங்க" என்று சொல்லி எலாதியா பேச்சை அறுத்தாள். ஆள் யாரும் வரவில்லை.

அன்று முழுக்க அவளால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. வேர் மூட்டையை மேசைக்கு அடியில் தள்ளினாள். பிறகு வெளியே இழுத்தாள். வயிற்றுக்குக் கேட்டவளுக்கு நீர்க்கடுப்புக்கு உள்ளதை இடித்துக் கொடுத்து, பாதி வழியில் ஓடிப் பிடித்து மாற்றினாள். நிமியாவுக்கு மூன்று முறை போன் போட்டாள். எடுக்கவில்லை.

பக்கத்து மேசையில் பாலாடைக்கட்டி விற்கும் சுனில்டா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். எலாதியாவின் சின்னவனுக்கு ஞானஸ்நானத் தாய் அவள். அதனால் இருவரும் ஒருவரையொருவர் கோமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள், சண்டையிலும்.

"என்ன கோமாத்ரே, பேதி மருந்தை நீயே குடிச்சிட்டியா? இங்கயும் அங்கயும் ஓடுற?"

எலாதியா சொன்னாள். சுனில்டா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"வாயை மூடிக்கோ" என்றாள் கடைசியில். "பாராகுவாரி சந்தையில ஒருத்தி விஷம் விக்கிறான்னு நாளைக்கே ரேடியோக்காரன் சொல்லுவான். உன் மேசையோட என் மேசையும் போயிடும்."

"அவ கட்டி சுருங்கிட்டிருக்கு. அந்த மருந்தைப் பிடுங்கப் போறாங்க."

"வேராலதான்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ என்ன டாக்டரா?"

"இல்ல. அதனாலதான் டாக்டர்கிட்ட சொல்லணும்."

"சொல்லு, சொல்லு. அந்தக் கட்டி வந்தப்ப நாலு மாசம் இலையை அரைச்சு அதுமேல அப்பிக்கிட்டு உக்காந்திருந்தியே, அதையும் சேர்த்துச் சொல்லு."

எலாதியா மூட்டையைக் காலால் உள்ளே தள்ளினாள். அது உண்மை. குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்டதை, ஊருக்கெல்லாம் மருந்து சொல்கிறவள், யாரிடமும் காட்டாமல் பற்றுப் போட்டே பெரிதாக்கினாள். ஆஸ்பத்திரியில் 'எப்போது பார்த்தீர்கள்?' என்று கேட்டதற்கு 'போன வாரம்' என்றாள். அது முதல் பொய்.

மறுநாள் வியாழன். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கூப்பிட்டுக் குறைநிறை கேட்கும் கூட்டம். கவனிப்பை எப்படிச் சரி செய்யலாம் என்று அனுபவப்பட்டவர்களே சொல்ல வேண்டுமாம். எலாதியாவின் குரல் சந்தைக் குரல் என்பதால் பெஞ்சில் இருந்த எல்லாரும் அவளையே பேசச் சொல்லி, ஆளுக்கொன்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாள் நான்காக மடித்து அவள் மேலாடைப் பையில் இருந்தது. அதில் வேரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

தலைநகருக்குப் போகும் விடியற்காலைப் பஸ்ஸில் நிமியா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையிலிருந்து பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எலாதியா உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் இருவரும் ஆஸ்பத்திரிக் கழிப்பறைத் தாழ்ப்பாளைப் பற்றியும் உடைந்த நாற்காலியைப் பற்றியும் பேசினார்கள். நிமியா ஒரு தடவை மட்டும், "தாள்ல இருக்கிறதை மட்டும் படிங்க" என்றாள். எலாதியா ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

கூட்டம் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு அறையில். இருபது பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வளைவாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு தட்டு நிறையச் சீபா ரொட்டி. வாய்ப்புண் உள்ளவர்கள் அதைப் பார்த்துக்கொண்டும், மற்றவர்கள் தின்றுகொண்டும் இருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் அவரவர் கோப்பை, அவரவர் குழல். கீமோக்காரர்கள் ஒரே குழலில் வாய் வைக்கக்கூடாது, கிருமி தொற்றும் என்று நர்ஸ்கள் கண்டித்த பிறகு வந்த ஒழுங்கு அது. ஒரே குழலைக் கைமாற்றித் தெரெரே குடிக்கும் ஊரில் ஆளுக்கொரு குழல் என்பது லேசான காரியமில்லை. முதல் வாரம் எல்லாரும் அவமானப்பட்டவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் தண்ணீர் ஜாடியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் இத்தனை நாளும் எலாதியாவின் பெரிய ஜாடி மட்டும், வேரும் இலையுமாக, பெஞ்சின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வழக்கம் போலவே போய்க்கொண்டிருந்தது.

டாக்டர் லெஸ்கானோ ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். இளவயதுக்காரி. தூக்கம் போதாத கண்.

முதலில் தோன் வில்ஃப்ரீதோ எழுந்தார். பஸ் டிரைவராக இருந்தவர். குடலில் கட்டி, வயிற்றில் பை மாட்டியிருந்தது. "கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடுங்க டாக்டர். ஒரு கை பையைப் பிடிக்குது, ஒரு கை கதவைப் பிடிக்குது. மிச்ச வேலைக்கு மூணாவது கை உங்க மருந்துக்கடையில கிடைக்குமா?"

அறையே சிரித்தது. டாக்டரும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள்.

பிறகு எலாதியா. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். ஐந்தாம் நாற்காலியின் கை உடைந்திருக்கிறது. ஊசி ஏறும் கையை எங்கே வைப்பது? ரத்தம் கொடுத்துவிட்டு வெயிலில் நிற்கிறோம், நிழல் வேண்டும். ஜன்னலில் இருக்கும் பெண் 'மார்பு மூணு பேர் வாங்க, குடல் ஒருத்தர் வாங்க' என்று கூப்பிடுகிறாள். எங்களுக்குப் பேர் இருக்கிறது.

தாள் முடிந்தது. அதை நான்காக மடித்தாள்.

"நல்லது ஞா எலாதியா" என்றாள் டாக்டர். "வேற ஏதாவது?"

வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிமியா மெல்லத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று.

எலாதியா நின்றுகொண்டே இருந்தாள். மடித்த தாளைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"இருக்கு" என்றாள். "நான் சந்தையில மூலிகை விக்கிறவ. உங்க படிவத்துல வேறு மருந்து ஏதாவதுன்னு கேட்ட இடத்துல ஒவ்வொரு தடவையும் 'இல்லை'ன்னு எழுதினேன். அப்ப என் காலடியில ஜாடி இருந்துச்சு. அதுல கசப்பு வேர் போட்டிருந்தேன். எனக்குக் கல்லீரல் கணக்கு ஏறினப்ப அதைத்தான் குடிச்சிட்டிருந்தேன். நிறுத்தினேன், இறங்கிச்சு. வேராலதானான்னு எனக்குத் தெரியாது. நீங்கதான் பார்த்துச் சொல்லணும். அந்த ஜாடி என்கிட்ட மட்டும் இருக்கல. பெஞ்சு முழுக்கப் போச்சு. யார் குடிச்சிருந்தாலும் அதைப் போட்டவ நான்."

ஒருவர் கையில் எடுத்த சீபாவைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

டாக்டரின் கன்னம் சிவந்தது. "ஒவ்வொரு தடவையும் கேட்டோமே! கேக்காமலா இருந்தோம்?"

"கேட்டீங்க. மருந்து சாப்பிடுறீங்களான்னு கேட்டீங்க. இது எங்களுக்கு மருந்து இல்ல டாக்டரம்மா, தண்ணி. உங்க வீட்டுலயும் இதே தண்ணிதானே? வாயால கேக்கும்போது இன்னும் மோசம். 'மூலிகை எதுவும் குடிக்கலல்ல?'ன்னு கேப்பீங்க. அதுக்கு 'இல்ல டாக்டரம்மா'ங்கிறதைத் தவிர வேற என்ன சொல்ல முடியும்?"

யாரோ பின்னால் சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

டாக்டர் பேனாவை மூடித் திறந்தாள். "பின்ன எப்படிக் கேக்கணும்?"

"இன்னைக்குக் காலையில தண்ணியில என்ன போட்டீங்கன்னு கேளுங்க."

டாக்டர் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பினாள். "தோன் வில்ஃப்ரீதோ, இன்னைக்குக் காலையில தண்ணியில என்ன போட்டீங்க?"

"புதினா, எலுமிச்சைப்புல், கொஞ்சம் குதிரைவால் செடி" என்றார் அவர், கடைப் பட்டியல் ஒப்பிப்பது போல. சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. "அட, என்னைக் கவுத்துட்டாங்கப்பா."

டாக்டர் எழுதினாள். அடுத்தவள்: சோம்பு. அதற்கடுத்தவர்: தினம் ஒன்று, மகள் போடுவது, பெயர் தெரியாது. நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கம் வந்தது. ஒருவர்கூட 'இல்லை' என்று சொல்லவில்லை. கேள்வி நாற்காலி நாற்காலியாக வாசலை நோக்கிப் போனது. எலாதியா உட்கார மறந்து நின்றாள். வலது கை தோளிலிருந்து விண்விண் என்றது.

"நிமியா?"

நிமியா தரையைப் பார்த்தாள்.

"புதினா" என்றாள்.

டாக்டர் எழுதிவிட்டுப் பேனாவை எடுக்காமல் காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. அந்த ஒரு காரியத்தை அவள் சரியாகச் செய்தாள்.

"கசப்பு வேர்" என்றாள் நிமியா. "தினமும். ரெண்டு லிட்டர். பிப்ரவரியிலிருந்து."

கூட்டம் கலைந்த பிறகு டாக்டர் நிமியாவைத் தனியே அழைத்துப்போய் மறுபடி ரத்தம் எடுத்தாள். திரும்பி வரும்போது எலாதியாவிடமும் நின்றாள். "வேர்தான் காரணம்னு நான் இப்ப சொல்ல மாட்டேன். மருந்தாகவும் இருக்கலாம். ரெண்டு வாரம் வேரை விட்டுட்டு ரத்தத்தைப் பார்க்கணும். அதுவரைக்கும் மருந்தை மாத்த வேண்டாம்னு நாளைக்கு டாக்டர்கள் கூட்டத்துல நான் சொல்றேன். அந்த வேர்ல எனக்குக் கொஞ்சம் வேணும். இலை, தண்டு இருந்தா அதுவும்."

"அனுப்புறேன்."

"ஞா எலாதியா, எங்க வீட்டுலயும் இதே தண்ணிதான்" என்றுவிட்டு டாக்டர் வேகமாகப் போய்விட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் நிமியா தூரத் தள்ளி நின்றாள். எலாதியா அவளருகே போனாள்.

"உன் பேரை நான் சொல்லல."

"சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமப் பண்ணிட்டீங்க."

"மருந்தை மாத்தலைன்னு சொன்னாங்கல்ல?"

"ரெண்டு வாரத்துக்கு. அதுக்கப்புறமும் இறங்கலைன்னா? அப்ப நான் பொய்யும் சொன்னவ, மருந்தும் இல்லாதவ." நிமியாவின் தலைத்துணி காற்றில் நழுவியது. இழுத்துக் கட்டிக்கொண்டாள். "நாலு மாசம் உங்களை நம்பிக் குடிச்சேன்."

"தெரியும்."

"தெரியும்னு சொன்னா போதுமா?"

போதாது. பஸ்ஸில் நிமியா முன்னால் உட்கார்ந்து பக்கத்து இருக்கையில் பையை வைத்தாள். பாராகுவாரியில் எலாதியா இறங்கும்போது அவள் தலை திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சந்தைக்கு வந்ததும் எலாதியா முதலில் வேர் மூட்டையைப் பிரித்தாள். இரண்டு கைப்பிடி எடுத்து, காய்ந்த இலையும் தண்டும் சேர்த்து ஒரு கண்ணாடிப் புட்டியில் அடைத்தாள். மீதியை மூட்டையோடு கட்டி, மேசையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

"தூக்கிப் போட்டுடு அதை" என்றாள் சுனில்டா.

"டாக்டர் சொல்லட்டும். ஒண்ணும் தெரியாம வித்தேன். ஒண்ணும் தெரியாம தூக்கிப் போடவும் மாட்டேன்."

முதல் ஜாடி வந்தது. கனத்த உடம்புக்காரி ஒருத்தி, வழக்கமாக வருகிறவள். எலாதியா உலக்கையை எடுக்காமல் கேட்டாள்: "ஆஸ்பத்திரியில என்ன மாத்திரை கொடுத்திருக்காங்க?"

"அது எதுக்கு உனக்கு? நீ இடி."

"சொன்னாத்தான் இடிப்பேன்."

அவள் ஜாடியைத் தூக்கிக்கொண்டு மேற்கு வாசல் மூலிகைக்காரியிடம் போய்விட்டாள். சுனில்டா உச்சுக்கொட்டினாள். அடுத்து வந்த டாக்சிக்காரன், ரத்த அழுத்தத்துக்கு ஒரு வெள்ளை மாத்திரை என்று முணுமுணுத்துக்கொண்டே சொன்னான். அவனுக்குப் புதினா மட்டும் இடித்தாள்.

ஏழரைக்குத் தலைநகர் போகும் பஸ்ஸில் டாக்டர் பெயர் எழுதிய புட்டியை ஏற்றிவிட்டாள். எட்டு மணிக்குக் காராபெகுவா பஸ். வெள்ளிக்கிழமை வழக்கமாகப் போகும் பொட்டலம் அது. புதினாவையும் எலுமிச்சைப்புல்லையும் மட்டும் அளவாக எடுத்துத் துணியில் கட்டினாள். பிறகு ஒரு தாளைக் கிழித்து, பேனாவை இடது கையில் பிடித்தாள். வலது கை காலையிலிருந்தே வீங்கியிருந்தது. எழுத்து சின்னப்பிள்ளை எழுதியது போலக் கோணிக்கொண்டு வந்தது.

'புதினா. எலுமிச்சைப்புல். வேறு எதுவும் இல்லை. டாக்டரிடம் காட்டிய பிறகு போடவும். எலாதியா.'

"டீச்சருக்குத்தானே?" என்றான் டிரைவர்.

"ஆமா. வாங்கிக்கலைன்னா திருப்பிக் கொண்டு வா. வழியில யாருக்கும் கொடுத்துடாதே."

பஸ் கிளம்பியது. அவள் மேசைக்கு வந்து உலக்கையை எடுத்துக்கொண்டு, அடுத்த ஜாடிக்காரரிடம் என்ன மாத்திரை என்று கேட்டாள்.